கரண்டியைக் கீழே வைத்த மருமகள்

சும்மா சொல்லக்கூடாது, செண்பகவல்லிக்குக் கோபம் வந்தால் சத்தமே வராது. காய்ந்த எண்ணெய் சத்தம் போடுமா? ஏதாவது விழுந்தால்தானே தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் அவளும் அவள் புருஷன் வேதாந்தமும் சீமைக்குப் போய் மேல்படிப்புப் படிப்பதென்று முடிவானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில். அவனுக்கு ரசாயனம், அவளுக்குக் கணக்கு. இரண்டு பேருக்கும் எடின்பரோவில் இடம் கிடைத்துவிட்டது. ஆவணி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் திருச்சியில் போட் மெயில் ஏறி தனுஷ்கோடி, அங்கிருந்து கொழும்பு, பிறகு கப்பல்.

பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் தகர டப்பாக்களில் ஏறி, ஈயம் வைத்து மூடியாயிற்று. பூட்ஸ் பழக வேண்டுமென்று இருவரும் விடியற்காலையில் கொள்ளிடத்து மணலில் நடந்து குதிகாலில் கொப்புளம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வேதாந்தம் முள்கரண்டியால் இட்லியைக் குத்தப்போக, அது தட்டை விட்டுத் தாவி அடுப்பங்கரை வரைக்கும் ஓடியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் பெரியப்பா செய்த காரியம் காதுக்கு வந்தது.

பெரியப்பா என்றால் அழகியமணவாளன், செத்துப்போன மாமனாரின் அண்ணா. பெண்டாட்டி போய்விட்டாள், பிள்ளை குட்டி இல்லை. ஆனால் அந்த வீதியில் அவர் வைத்ததுதான் சட்டம். செண்பகவல்லி பி.ஏ. தேறிய அன்றைக்கு, பொட்டைக்கோழி கூவியா பொழுது விடியப் போகிறது என்று நாலு பேர் நடுவே சொன்னவர். இப்போது, கடல் தாண்டப் போகிறவர்கள் வீட்டில் யாரும் இலையில் உட்காரக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். துவாதசியன்று மாமனாரின் சிராத்தம். பித்ருக்களாக வரித்து இரண்டு பிராமணர்களை உட்காரவைத்துச் சாதம் போட்டால்தான் அந்தக் காரியம் நிறைவேறும். வருஷா வருஷம் வந்து உட்காரும் வரது கொல்லைப்புறமாக வந்து, கையைப் பிசைந்துகொண்டு, இந்தத் தடவை வருவதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேதாந்தம் இடிந்து உட்கார்ந்துவிட்டான். "அப்பாவுக்கு இலை போடாம நான் கப்பல் ஏறமாட்டேன். நாங்க வரலைன்னு காலேஜுக்கு லெட்டர் எழுதிடு" என்றான்.

அவள் எழுதவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தாள்.

துவாதசிக்கு ஏழு நாள் முன்னால் பஞ்சமி. அன்றைக்குப் பெரியப்பா தன் தாயாருக்குச் சிராத்தம் செய்கிற நாள். கூலிக்காரர் கை பட்ட சமையல் என் தாயாருக்கு ஆகாது என்று பிடிவாதம் பிடிக்கிறவர் அவர். அப்படியானால் யார் சமைப்பது? குடும்பத்தில் இருந்தது ஒரே மருமகள். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷமாக அவள்தான் மடியாகச் சமைத்துப் போட்டாள். வீதி முழுக்க அவள் வீட்டுக்குத் தடை போட்ட மனுஷருக்குத் தன் அடுப்பங்கரையில் நிற்பது யார் என்பது நினைவில் இல்லை. அங்கே புகை வரும், சாதம் வரும். ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது.

பஞ்சமியன்று காவிரியில் முழுகி, ஈர மடிசாரோடு போய் எல்லாம் சமைத்தாள். வாழைக்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை, அதிரசம், பாயசத்துக்குத் திருக்கண்ணமுது, ஒன்றிலும் குறைவில்லை. எழுபது வயதுக் கிழவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஹோமம் முடித்தார். வரதுவும் இன்னொருவரும் கால் அலம்பி இலையில் உட்கார்ந்தாயிற்று. பரிமாறலாம் என்று, மந்திரம் சொல்லிவைத்த வாத்தியார் உள்ளே குரல் கொடுத்தார்.

அவள் நிலைப்படிக்கு வந்து கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பெரியப்பா, ஒரு சந்தேகம். கடல் தாண்டப் போறவா ஆத்துல யாரும் சாப்பிடப்படாதுன்னு சொல்லியிருக்கேள். கடல் தாண்டப் போறவ சமைச்சதை மட்டும் சாப்பிடலாமா?"

வரது இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். வாத்தியார் உத்தரத்தைப் பார்த்தார்.

"ஏண்டி, பித்ரு காரியத்துல விளையாடறயா?" என்றார் பெரியப்பா.

"விளையாடலை. ஆகாதுன்னு சொல்லுங்கோ, எல்லாத்தையும் கொல்லையில கொட்டிட்டுப் போறேன்."

வேதாந்தம் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. காலம் தப்புகிறது என்று வாத்தியார் முனகினார். கிழவருக்கு உதடு காய்ந்து போயிருந்தது. பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாததைத் தோன்றியது என்று சொன்னால் பொய். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நிற்கட்டும் என்றுதான் இருந்தது.

"ஆகும்" என்றார் கடைசியில்.

"வரது மாமாவுக்குக் காதுல விழலை போலிருக்கு."

"ஆகும்னேன். அவா ஆத்துலயும் உட்காரலாம். துவாதசிக்குப் போங்கோ எல்லாரும்."

அவள் கரண்டியை எடுத்து, கை அலம்பிக்கொண்டு பரிமாறினாள்.

துவாதசியும் நடந்தது. வரது மூன்று அதிரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பயணத்தன்று திருச்சி ஜங்ஷனுக்கு வீதியிலிருந்து ஒரு குஞ்சும் வரவில்லை, பெரியப்பாவைத் தவிர. தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றவர், எத்தனை வருஷப் படிப்பு என்று கேட்டார். இரண்டு என்றான் வேதாந்தம். கிழவர் விரலை மடக்கிப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் பஞ்சமிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

செண்பகவல்லி அவரை முறைப்படி விழுந்து சேவித்தாள். "லால்குடிப் பக்கம் விசாரிச்சுப் பாருங்கோ பெரியப்பா. கூலிக்குச் சமைக்க நல்ல ஆளா கிடைப்பா" என்றாள்.

வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்னா, டாக்டர் பட்டமும் சேர்த்துப் படிச்சா எத்தனை வருஷமாகும்?" என்று வெளியே கேட்கும்படியாகவே கேட்டாள்.

"அஞ்சு ஆகும்" என்றான் வேதாந்தம் தயங்கிக்கொண்டே.

"ஆகட்டும்" என்றாள்.