நெற்றியில் விழுந்த சிவப்பு வெளிச்சம்

பிள்ளைகளா, அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கு, "என்னப்பா ஆச்சு?" என்று ரெண்டு பேரும் மாறி மாறிக் கேட்டீர்கள். அப்போது எனக்கு ஒழுங்காகச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் பிறவியிலேயே தோலில் நிறம் இல்லாதவன். முடியும் வெள்ளை. நிலக்கோட்டை பூ கமிஷன் கடையில் மல்லிகைக்குப் பெட்டி கட்டுகிற எனக்கு வெயில்தான் எதிரி. குடையும் முழுக்கைச் சட்டையுமாகவே இத்தனை வருசம் ஓட்டினேன். அப்படியும் நெற்றியில் நாலு இடம் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. முடியை முன்னால் இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

திண்டுக்கல் தோல் டாக்டரம்மா தடவிப் பார்த்தார். "இது புற்றுநோய் இல்லைங்க. விட்டா அப்படி மாறலாம். மருந்து தடவி, சிவப்பு லைட் காட்டிச் சரிபண்ணிரலாம்."

லைட்டிலேயே குணமா! எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில் ஒரு கிறுக்குத்தனம் பண்ணினேன். வெளிச்சம்தானே வைத்தியம், வெயிலும் வெளிச்சம்தானே, கொஞ்சம் முன்னாடியே பழக்கிவிடுவோம் என்று, வரச் சொன்ன நாளில் பஸ் ஸ்டாண்டிலிருந்து குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. ராஜா மாதிரி இருந்தது.

டாக்டரம்மா என் மூஞ்சியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாருங்க உங்களை வேக வச்சது? வெந்த தோல்ல இதைச் செய்ய முடியாது. ஆறட்டும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் உங்கம்மா பிடித்துக்கொண்டாள். "இம்புட்டு வருசம் குடைய விடாதவரு, இன்னைக்குத்தான் மாப்பிள்ளை ஊர்வலம் போனீகளாக்கும்!"

எனக்கோ வேறு பயம். இந்த ரெண்டு வாரத்துக்குள் அது வேறு மாதிரி ஆகிவிட்டால்? விடியக்காலம் எழுந்ததும் முதல் வேலை, நெற்றியைத் தடவிப் பார்ப்பதுதான்.

மறுபடி போனபோது மருந்து தடவி, வெளிச்சம் படாமல் கட்டுப் போட்டு, மூணு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு கட்டைப் பிரித்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, விளக்கைத் திருப்பினார்கள். ஆத்தாடி, மிளகாயை அரைத்து அப்பின மாதிரி ஓர் எரிச்சல்! நர்ஸ் தண்ணீர் பீய்ச்சினார்.

"சிஸ்டர், பூவுக்குத் தெளிக்கிற மாதிரி விடாமத் தெளிங்க."

"அப்படியே பெட்டியில கட்டி பஸ்ல ஏத்தி விட்ருவோமா?" என்றார் அவர். சிரித்ததில் செத்த நேரம் எரிச்சல் மறந்தது.

கெட்டுப்போன இடம்தான் கூடுதலாக எரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் எரிய எரிய எனக்குக் குஷி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மாட்டினீங்கடா!

வெளிச்சமே படக்கூடாது என்று சொன்னதால், ரெண்டு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தேன். பொருக்குத் தட்டி உதிர்ந்தது. மூணு மாசம் கழித்து டாக்டரம்மா திரும்பத் தடவிப் பார்த்தார்.

"நாலும் போயிருச்சுங்க. புதுசா வருதான்னு அப்பப்ப வந்து காட்டணும். குடையை மடக்கினீங்கன்னா நானே அடிப்பேன்."

நான் துள்ளிக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான். பொழுது சாய்ந்து நீங்கள் டியூசன் போய்விட்டீர்கள், அம்மா கடைக்குப் போயிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று சீப்பை நனைத்து, நெற்றி முழுக்கத் தெரிகிற மாதிரி முடியைப் பின்னால் தூக்கி வாரினேன்.