தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

துர்காதேவிக்குப் பெண் பிள்ளை வேண்டும். முதலில் தீனா பிறந்தான், சரி என்றாள். இரண்டாவதும் ஆணாகப் பிறந்ததும், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புருஷனின் தங்கை பிரதீபாதான் குழந்தையை மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், வயிறு திறக்கவில்லை.

"அவ்ளோ ஆசையா கீதுன்னா நீயே எடுத்துக்கினு போ," என்றாள் துர்கா.

வாய்க்கொழுப்பில் சொன்னதுதான். பிரதீபா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துர்காவின் புருஷன் கண்ணாயிரமோ தங்கச்சி பேச்சைத் தட்டாதவன். பதினாறாம் நாள், அவர்கள் வழக்கப்படி பிரதீபா ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை முந்தானையில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தவிட்டை வாங்கிய பிறகு பெற்றவள் உரிமை பேசக்கூடாது.

அன்று சாயங்காலமே துர்காவுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டது. காலையில் பாரமாக இருந்த பிள்ளை சாயங்காலம் உயிராகிப் போனான். என்ன மனசோ போங்கள்!

மாமல்லபுரத்தை அடுத்த குப்பத்திலிருந்து துர்கா தினமும் மீன்கூடையோடு பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போவாள். விற்பனைக்கு முன்பே நல்ல வஞ்சிரத் துண்டு அங்கே இருந்த பிரதீபா வீட்டுக்குப் போய்விடும். தவிட்டுக்குப் போன பிள்ளை ஹேமந்த் கதவைத் திறந்து, "வாங்கத்தை" என்பான். அவன் வாயால் ஒரே ஒரு தடவை அம்மா என்று கேட்டுவிட வேண்டும். பதினேழு வருடம் அதற்காகவே அந்த வாசலை மிதித்தாள்.

வீட்டில் தீனா வால் துண்டைத் தின்று வளர்ந்தான். அப்பனோடு கடலுக்குப் போனான். அவள் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தான். அவள் பேச்செல்லாம் ஹேமந்த் மார்க்கு, ஹேமந்த் உயரம். பாவி, எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

போன ஆடியில் ஒருநாள் தீனா சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"யம்மா, என்னையும் யாருக்குனா தவிட்டுக்குக் குடுத்துடேன். அப்பவாச்சும் என்னைப் பத்தியும் பேசுவ இல்ல?"

"இன்னாடா உளறிக்கினு கீற? சாப்புடு."

மறுநாள் அவள் செங்கல்பட்டு போய்த் திரும்புவதற்குள் அவன் கொச்சிப் பக்கம் விசைப்படகு வேலைக்குக் கிளம்பிவிட்டான். கொஞ்ச நாள் வாரம் ஒரு போன் வந்தது. பிறகு நம்பரை மாற்றிவிட்டான். கூட வேலை செய்தவன் ஊருக்கு வந்தபோது, "நல்லாக் கீறான்கா. நம்பர் மட்டும் குடுக்க வாணாம்னு சொல்லிட்டான்," என்றான்.

அதோடு துர்கா செங்கல்பட்டுக்குப் போவதை விட்டாள். உள்ளூரிலேயே வந்த விலைக்கு மீனைத் தள்ளிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமந்த் தானாகவே வந்தான். இத்தனை நாள் மறைத்ததைப் பிரதீபா அவனிடம் சொல்லிவிட்டிருந்தாள். வாசலில் நின்று கூச்சத்தோடு, "அம்மா" என்றான்.

உள்ளே இருந்த துர்கா வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நின்றிருந்தவனைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப் போயிற்று.

"நீயா... தீனான்னு நெனச்சிக்கினேன்பா," என்றாள்.