டென்ட் கொட்டகையில் நான் வைத்த பெயர்

கார்பன் காகித வாசனை இப்போதும் என்னை என்னவோ செய்கிறது. நேற்று ஆபீசிலிருந்து வந்த மகள், நீலம் படிந்த விரல்களைத் துடைத்தபடி, "நைனா, எங்க ஹெட் கிளார்க்கு நல்லா தமாஷா பேசுறாரு" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

யுத்த காலத்தில் திருத்தணியில், நெசவாளர்களுக்கு நூல் பெர்மிட் தரும் ஆபீசில் நான் குமாஸ்தா. அங்கே டைப் அடித்தவள் கனகா. அண்ணன் கூடவே நடந்து வந்து விட்டுப் போவான். வேலைக்கு வந்த பெண்ணைப் பார்க்க ஜன்னலில் எப்போதும் நாலு தலை தெரியும். எதிர் மேசை வரதன், என் சிநேகிதன். காகிதம் கைமாறும்போதுகூட அவனும் கனகாவும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

டென்ட் கொட்டகைக்கு எப்போதாவது இங்கிலீஷ் படம் வரும். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். வெள்ளைக்காரப் பெயர்கள் ஜனங்கள் வாயில் நுழையாது. ராமன், லட்சுமி என்று மாற்றிக்கொள்வது வழக்கம். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். நான் பள்ளி இறுதி தேறியவன் என்று கொட்டகைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். படத்தில் பேசியதில் பாதிகூட எனக்குப் புரியவில்லை என்பதை உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்?

பழைய தமாஷ் படம். ஒரு கம்பெனியில் முதலாளிக்கும் டைப் அடிக்கும் பெண்ணுக்கும் காதல். என் ராமனுக்கும் லட்சுமிக்கும் யாரும் சிரிக்கவில்லை. எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டுமென்று, "இதோ, நம்ம கனகா மிஷின் அடிச்சிக்கினு இருக்குது. வரதன் சார் எட்டிப் பாக்குறாரு" என்றேன். கொட்டகையே அதிர்ந்தது.

"அப்புறம் இன்னா பண்ணாரு வரதன் சாரு?" என்று மணல் தரையிலிருந்து ஒருவன் கேட்டான்.

சொன்னேன். முத்தத்தையும் சொன்னேன். சிரிக்காத ஒருவன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். கனகாவின் அண்ணன்.

மறுநாள் அவள் நாற்காலி காலி. வாசலில் அவன் நின்றான்.

"நீ இன்னா பாத்த, சொல்லு."

"ஒண்ணும் பாக்கலண்ணா. படத்துக்கு வச்ச பேருண்ணா அது."

"இந்த ஊர்ல மிஷின் அடிக்கிற கனகா எத்தினி பேரு?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. வரதன் அன்றே சொல்லாமல் ஊரை விட்டுப் போனான். அவன் ஓடியதால் நான் சொன்னதெல்லாம் நிஜமாகிவிட்டது. நான் போய் அவள் நைனாவிடம் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன்.

கொட்டகை இப்போது இல்லை. படத்துக்குக் கதை சொல்கிறவர்கள் இல்லை. ஆபீஸ் இருந்த இடத்தில் லாட்ஜ் கட்டிவிட்டார்கள். பல வருஷம் கழித்துத் துணிந்து கனகாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அண்ணனின் மனைவி கதவைத் திறந்தாள். கனகா எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன்.

"வூடு மாறி வந்துட்டீங்க போல. எங்க வூட்டுக்காரருக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாதுங்க" என்றாள்.