முதல் சொல்லை விழுங்கிய கருவி

தொண்ணூறுகளின் நடுவில், பாலிடெக்னிக் முடித்த கையோடு, பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே காது கேட்கும் கருவி செய்தோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ஆண்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள், பெண்கள் ரவிக்கையில் மாட்டிக்கொள்வார்கள். அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். உள்ளே ஒரு பென்சில் பேட்டரி. முதலாளியை நாங்கள் ஐந்து பேரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்துப் பட்டறையில் இரும்புக் கதவு அடித்தார்கள். அதனால் காது கேட்கும் கருவி செய்கிற நாங்கள் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேசிக்கொண்டோம்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவரின் அம்மா பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். அந்த அப்பா புறவாசலில் துவைக்கிற கல் பக்கம் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அரை மணி நேரம் கத்தியிருக்கிறார். அம்மா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறிக் குதித்துத் தூக்கியிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி: ‘உங்கள் கருவி அப்போது அம்மாவின் ரவிக்கையில்தான் இருந்தது.’

அண்ணாச்சி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“எம்மா, நீ போயிப் பாத்துட்டு வா. கோளாறு இருந்தா மாத்திக் குடு. இல்லன்னா மெதுவா, பைய எடுத்துச் சொல்லிட்டு வா.”

போய்ப் பார்த்தேன். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. சுவிட்ச் அணைந்திருந்தது.

“ஏன் டீச்சர் ஆஃப் பண்ணி வச்சிருக்கிய?”

அவர் சுவிட்சைப் போட்டுவிட்டு, கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“பேட்டரி தீந்துரும்லா. எதுக்க ஆள் வாய் அசையுததப் பாத்தா ஆன் பண்ணிக்கிடுவேன்.”

“சார் விழுந்தப்போ?”

“அவுக வாயி புறவாசல்ல இருந்துச்சு.”

சார் உள்ளறைக் கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். ஜன்னல் விளிம்பில் தீர்ந்துபோன நான்கு பேட்டரிகள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. காய வைத்தால் ஒரு நாள் கூடுதலாக ஓடும் என்றார் டீச்சர். எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பார்.

பட்டறைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன்.

“சுவிட்ச எடுத்துரு” என்றார் அண்ணாச்சி.

“பேட்டரியக் கழட்டி வச்சிருவாவ அண்ணாச்சி.”

“அப்பம் அதுவா அணைஞ்சு அதுவா முழிக்குத மாதிரி செய்ய முடியுமா?”

முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்பதை அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

யோசனை எளிமையானது. பேட்டரியை அதிகம் குடிப்பது சத்தத்தைப் பெரிதாக்கிக் காதுக்கு அனுப்பும் பகுதி. சுற்றிலும் சத்தம் இல்லாதபோது அது தூங்கட்டும். மிகக் குறைவாகக் குடிக்கிற ஒரு சின்னப் பகுதி மட்டும் விழித்திருந்து கேட்கட்டும். சத்தம் வந்தால் அது மற்றதை எழுப்பிவிடும். இரண்டு வாரம் உட்கார்ந்து அப்படி ஒன்று செய்து டீச்சரிடம் கொடுத்தேன்.

பேட்டரி எப்போதும் போலத்தான் தீர்ந்தது. டீச்சர் வீட்டு மின்விசிறி பகல் முழுக்க ஓடும். அந்த இரைச்சலில் கருவி தூங்கவே இல்லை. கரண்ட் போனபோது மட்டும் தூங்கியது. மின்விசிறியின் தாழ்ந்த இரைச்சலை வடிகட்டினேன். அடுத்து, சேலை உரசுகிற சத்தத்தில் விழித்தது. மைக்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்தேன்.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. பன்னிரண்டு நாள் ஓடிய பேட்டரி ஒரு மாதத்தைத் தாண்டியது. டீச்சர் காலண்டரில் ஒவ்வொரு நாளையும் டிக் அடித்து வைத்திருந்தார். அதைக் காட்டிவிட்டு, ஒரே ஒரு குறை என்றார்.

“மொதச் சொல்லு மட்டும் கேக்க மாட்டேங்கு.”

உண்மைதான். கருவி விழித்தெழ அரை நொடி ஆகிறது. அதற்குள் முதல் சொல் போய்விடுகிறது. மற்றவர்கள் விஷயத்தில் இதனால் பாதகம் இல்லை. பால்காரர் “டீச்சரம்மா” என்று கூப்பிட்டுவிட்டுத்தான் பேசுவார். பக்கத்து வீட்டுப் பெண் “எக்கா” என்றுதான் ஆரம்பிப்பாள். சங்கடம் சாரிடம்தான். அவர் ஒற்றைச் சொல்லில் பேசுகிறவர். காப்பி. பேப்பர். வெந்நீர். அந்த ஒரு சொல்லைக் கருவி விழுங்கிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. எதையும் இரண்டாம் தடவை சொல்லும் பழக்கமும் அவருக்குக் கிடையாது.

நான் கட்டிலருகே போனேன். “மொதல்ல டீச்சரக் கூப்பிட்டுட்டு, பெறவு விஷயத்தச் சொல்லுங்க சார்.”

“எப்படிக் கூப்பிட?”

“எப்பமும் எப்படிக் கூப்பிடுவிய?”

அவர் பதில் சொல்லவில்லை. அந்த அமைதியில் கருவி தூங்கிவிட்டது. நான் டீச்சரிடம் திரும்பி, முதலில் ஒரு தடவை இருமி அதை எழுப்பிவிட்டு, அதே கேள்வியைக் கேட்டேன்.

“கூப்பிட்டதே இல்லையே” என்றார் டீச்சர். “கல்யாணமாகி நாப்பது வருசம் ஆச்சு. எதும் வேணும்னா பக்கத்துல வந்து நிப்பாவ.”

இப்போது வந்து நிற்கக் கால் இல்லை. கைத்தடியால் கட்டிலைத் தட்டலாமே என்றேன். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

“முப்பது வருசம் பள்ளிக்கூட மணிக்கு ஓடியாச்சு. வீட்லயும் மணியடிச்சா ஓடணுமோ?”

குறை என்னுடையதுதானே. அந்த அரை நொடி, உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கிகள் மறுபடி நிறைய ஆகும் நேரம். தூங்கும்போதும் அவை காலியாகாமல் பார்த்துக்கொண்டால் கருவி உடனே எழுந்துவிடும். பேட்டரி ஐந்தாறு நாள் குறையும், அவ்வளவுதான். இன்னும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

புதிய கருவியோடு போனபோது உள்ளே ஓர் ஆண் குரல், “டீச்சர், காப்பி” என்றது. யாரோ பழைய மாணவர் வந்திருக்கிறார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினேன். உள்ளே சார் மட்டும்தான் இருந்தார். அடுக்களையிலிருந்து டீச்சர் காப்பியோடு வந்தார். டம்ளரை வைத்துவிட்டு என்னிடம், “இப்பம் பரவாயில்ல. முன்னால எதையோ சொல்லுதாவ, அது கேக்காது. பின்னால காப்பி மட்டும் கேட்டுருது” என்றார்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

பழைய கருவியை வாங்கிக்கொண்டு புதியதை மாட்டிவிட்டேன். சோதிக்க வேண்டுமே, டீச்சரை அடுக்களைக்குப் போகச் சொன்னேன். சாரிடம் எதையாவது கேளுங்கள் என்றேன். கருவி தூங்குகிற அளவுக்குத் தாமதித்து அவர், “டீச்சர், வெந்நீர்” என்றார்.

டீச்சர் வெறுங்கையோடு கதவருகே வந்து நின்றார்.

“என்ன கேட்டிய?”

“வெந்நீர்.”

“அதுக்கு முந்தி.”

சார் போர்வையைச் சரிசெய்துகொண்டார். “டீச்சர்னேன்.”

“ஒங்களுக்கு நான் என்னைக்குப் பாடம் எடுத்தேன்?” என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுக்களைக்குப் போனார். போகிற வழியில் அவர் கை ரவிக்கைக்குப் போனது. சுவிட்சை அணைக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் சத்தத்தைக் கூட்டும் சக்கரத்தை ஒரு பல் தள்ளிவைத்தார்.

வெந்நீர் வர நேரமானது. சார் அவசரப்படுத்தவில்லை.

சாருக்கு மாவுக்கட்டு அவிழ்த்து, அவர் கைத்தடியோடு வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு தடவை போனேன். டீச்சர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சார் அவர் பக்கத்தில் வந்து நின்று, “டீச்சர், பேப்பர்” என்றார். பேப்பர் சாரின் கையிலேயே இருந்தது. நான் வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தச் சர்க்யூட்டையே பிறகு எல்லாக் கருவிகளிலும் போட்டோம். வண்ணார்பேட்டையில் எங்கள் கருவிகளை விற்ற கடைக்காரர் ஒருவர் பேட்டரியும் விற்பவர். அவர் பட்டறைக்கே வந்துவிட்டார். “என்ன வே, மிஷின வாங்கிட்டுப் போறவன் திரும்பி வரவே மாட்டேங்குதான்?” என்று அண்ணாச்சியிடம் சண்டை போட்டார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, அவருக்கு எல்லாவற்றையும் பைய எடுத்துச் சொல்லச் சொன்னார். பக்கத்தில் இரும்புக் கதவை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தித்தான் சொன்னேன்.