தட்டிப் பார்த்துத் தின்ற சோறு

போன ஞாயிற்றுக்கிழமை, ஜங்ஷன் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிற பீட்சா கடைக்கு மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அட்டைத் தட்டு ஒன்றை என் முன்னால் வைத்தார்கள். நான் பாட்டுக்கு நடுவிரலை மடக்கி அதன் விளிம்பில் லேசாகத் தட்டினேன். "ப்பா, மானத்த வாங்காதீங்க. அது அட்டை" என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன செய்ய, இந்த விரல் என் பேச்சைக் கேட்டு வெகுகாலம் ஆகிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் இதே விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருந்தேன். சூளையிலிருந்து வருகிற கோப்பைகளையும் தட்டுகளையும் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. 'டிங்' என்றால் வலப்பக்கம். 'டொக்' என்றால் உள்ளே விரிசல், இடப்பக்கம் தள்ளிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூடக் காது சொல்லிவிடும். பெண் பார்க்கப் போன வீட்டிலேயே காபிக் கோப்பையைத் தட்டி, இடப்பக்கம் தள்ளியும் வைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று நினைத்து பெண்ணாடத்து மாமனார் முகம் சுண்டிப்போனது. இன்றைக்கும் வீட்டில் அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு பொங்கல் கழிவதில்லை.

அந்தக் கம்பெனி முதலாளி இத்தாலியிலிருந்து ஒரு சூளை வாங்கினார். அதைப் பழகிக்கொண்டு வர மூன்று வாரத்துக்கு இரண்டு பேரை அங்கே அனுப்பினார். ஒருவர் சூளை எரிக்கிற செபஸ்தியான் அண்ணன், இன்னொருவன் நான். ஊர் ஃபயென்ஸா. அங்கேயும் பீங்கான்தான் பிழைப்பு. அண்ணன் ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கர். விமானத்தில் ஏறும்போதே, "நம்ம சாமி ஊரு தம்பி. சோத்துக்குக் கவலையே படாத" என்று தோளைத் தட்டினார்.

சாமி ஊரில் முதல் நாளே சூடு பட்டது. சதுக்கத்து ஓரம் நாற்காலி போட்டிருந்த கடையில் ஜம்மென்று உட்கார்ந்து ஆளுக்கொரு காபி குடித்தோம். அதே காபியை உள்ளே நின்றுகொண்டு குடித்தால் பாதி விலைதான் என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. "ஒக்காந்ததுக்குக் காசா? நம்ம ஊருல பெஞ்சு சும்மாதான கெடக்குது!" என்று அண்ணன் ராத்திரி வரைக்கும் புலம்பினார். மறுநாளிலிருந்து விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்கிற மாதிரியே முழங்கையை ஊன்றி நின்றோம், இரண்டு மடக்கில் குடித்தோம், நடையைக் கட்டினோம். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் குடித்தார்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் எங்களுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை.

காபி சரி, சோறு? கம்பெனி கொடுத்த தினப்படிக் காசை வைத்துக்கொண்டு ஓட்டல் வாசலைக்கூட மிதிக்க முடியாது. மூன்று வேளையும் ரொட்டி, வாழைப்பழம், வீட்டிலிருந்து கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாய். ஐந்தாம் நாள் பெட்டியைக் கட்டிவிட்டேன். "அண்ணே, நான் ஊருக்குப் போயிடறேன். முடியல" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"சோறு கெடைக்கலன்னு ஓடியாந்தவன்னு காலத்துக்கும் பேரு நின்னுடும் தம்பி. மொதலாளி அப்புறம் உன்ன வேலையில வெச்சுக்குவாரா? ஒரு நாளு பொறு" என்றார் அண்ணன்.

மறுநாள் மதியம் தொழிற்சாலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கால்சட்டையில் வெள்ளை மண் அப்பிய தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். "மண்ணு ஒட்டுன பேண்ட்டுப் பின்னால போனா சோறு இருக்கும். வா" என்றார். போனோம். பெயர்ப்பலகை கிடையாது. நீள மேசையில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அன்றைக்கு என்ன சமைத்தார்களோ அதுதான் எல்லாருக்கும். முதலில் பாஸ்தா, அப்புறம் கறி, கூடவே ரொட்டி. சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த விலை எங்கள் கைக்கு அடங்கியது. அடடா, நம்ம ஊர் மெஸ்ஸேதான்! சந்தோஷத்தில் எனக்குப் பசிகூட மறந்துபோனது.

கடை நடத்துகிற ரோசா அம்மாள் தட்டுகளை அடுக்காகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எனக்கு வந்த தட்டை இந்தப் பாழாய்ப்போன விரல் தட்டியது. டொக். இடப்பக்கம் தள்ளினேன். அடுக்கிலிருந்து நானே இன்னொன்றை எடுத்துத் தட்டினேன். டிங். அதை என் முன்னால் வைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் மேசையே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ரோசா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படபடவென்று பொரிந்தார். பாஷை புரியவில்லை, திட்டு புரிந்தது. என் கடைத் தட்டுக்கு என்னடா குறை என்கிறார்.

"போச்சு. இருந்த ஒரு சோத்துக் கடையும் போச்சு. எழுந்திரு" என்றார் அண்ணன்.

பாதி எழுந்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த, புருவத்தில்கூட மண் ஒட்டியிருந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். நான் ஒதுக்கிய தட்டைக் காதருகே வைத்துத் தட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தலைமுடி கனத்தில் ஒரு கோடு! அவர் தன் தட்டைத் தட்டினார், டிங். பக்கத்து ஆள் தட்டினார், டிங். அப்புறம் கேட்க வேண்டுமா, பூராப் பேரும் பீங்கான் வேலைக்காரர்கள், மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே டிங் டிங். ஒருவருடையது டொக் என்றதும் கூரை அதிரச் சிரித்தார்கள். ரோசா முறைத்துப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். உள்ளே போய் சமையலறைத் தட்டு அத்தனையும் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். ஏழு தட்டைக் கழித்தேன். என் பாஸ்தாவைக் கோபுரமாகக் குவித்தார்.

அதன் பிறகு தினமும் எங்களுக்கு அங்கேதான் சாப்பாடு. சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த செபஸ்தியான் அண்ணன் கடைசிச் சொட்டுக் குழம்பையும் ரொட்டியால் துடைத்துத் தின்பார். அந்த ஊரில் அது சமைத்தவருக்குச் செய்கிற பெரிய மரியாதையாம். ரோசா பூரித்துப்போய் இன்னொரு கரண்டி போடுவார். அண்ணன் அதையும் துடைப்பார். அவர் மறுபடி போடுவார். "தம்பி, நிறுத்தச் சொல்லேன்" என்று அண்ணன் கெஞ்சுவார், கை மட்டும் துடைத்துக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் முடிந்து கிளம்பும்போது பெல்ட்டில் அவருக்கு ஓட்டை போதவில்லை.

கடைசி நாள் ரோசா நீலப்பூப் போட்ட ஒரு தட்டைக் கொடுத்து, 'தட்டு' என்று சைகை காட்டினார். டிங். அவ்வளவு சுத்தமான சத்தத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை. கைலியில் சுற்றி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்தச் சந்தில் ரோசாவின் கடையும் இல்லை என்று யாரோ சொன்னார்கள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக்கோடு வீட்டுக்கு வருகிற செபஸ்தியான் அண்ணன், உள்ளே வந்ததும் அலமாரியைத் திறந்து அந்தத் தட்டைத் தட்டி, "ரோசாம்மா நல்லாருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அதை யாரும் தட்டவில்லை.

பீட்சா கடையிலிருந்து வந்ததும் தட்டை எடுத்துத் தட்டினேன்.

டொக்.

எத்தனையோ ஆயிரம் தட்டுகளைத் தயங்காமல் இடப்பக்கம் தள்ளியவன் நான். மகள் எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஒடஞ்சிருக்குதா?" என்றாள்.

"இல்லம்மா, நல்லாதான் இருக்குது" என்று இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினேன்.