கையில் இருந்த ஸ்பேனர்

ஓசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் என் மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்த அன்று எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் மறுபடி நிற்கலாம் என்று டாக்டர் தரும் சான்றிதழ். அது இல்லாமல் உள்ளே வராதே என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

முந்தின வாரம் வேலையில் விழுந்திருந்தேன். தகடு எடுக்கக் குனிந்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, தரையில் கிடந்து கூரையைப் பார்த்தது. பக்கத்து மெஷினில் நிற்பவருக்கு ஊர் ஓசூர் பக்கத்துப் பேரிகை; பேரிகைக்காரர் என்றுதான் சொல்வோம். வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். நான் சாப்பிடாமல் வந்ததால் மயக்கம் என்று எல்லோரிடமும் அவர்தான் சொன்னார். அன்று நான் சாப்பிடாதது உண்மை என்பதால் நானும் நம்பினேன்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பதிவு எடுக்கும் பெண் டேப்பால் என் மண்டையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பசை தடவி ஒரு ஒயரை ஒட்டினார். தகடு வெட்டுமுன் நாங்கள் குறி போடுவதும் இப்படித்தான். கரண்ட் வைப்பீர்களா என்று கேட்டேன். உள்ளே எதுவும் போகாது, மூளை தானாக உண்டாக்குவதைத்தான் மெஷின் வாங்கிக்கொள்கிறது, அது டார்ச் செல்லோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லாத அளவு என்றார். இத்தனை வருடம் இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் போட்ட ஆட்டத்துக்கு அவ்வளவுதானா என்று இருந்தது.

திரையில் கோடுகள் ஓடின. கண்ணை மூடினால் சீரான அலை, திறந்தால் அது காணாமல் போகும் என்று பிறகு காட்டினார். நடுவில் ஒரு இடம் கோடுகள் நெருங்கி முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"பல்லைக் கடிக்காதீங்கன்னு சொன்னேன்ல, அது மூளை இல்லைங்க, உங்க தாடை" என்றார்.

வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார்கள், கண்ணெதிரே விளக்கை மின்னவிட்டார்கள். எதற்கும் என் அலைகள் அசைந்து கொடுக்கவில்லை. நார்மல் என்று டாக்டரம்மா சொன்னபோது மனதுக்குள் பிரஸ்ஸை ஓட்டவே ஆரம்பித்துவிட்டேன்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. இந்த அரைமணி நேரப் பதிவு இந்த அரைமணிக்கு மட்டும்தான் சாட்சி, வலிப்பு உள்ளவர்களுக்கும் நார்மல் என்று வரலாம், அன்று நடந்ததைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். மயக்கம் என்றுதான் சொன்னார்கள் என்றேன்.

"முழிச்சப்போ உங்க கையில ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஸ்பேனர் இருந்துச்சுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்று எனக்கு ஸ்பேனரைத் தொடும் வேலையே இல்லை. மயங்கியவனுக்கு யாரும் இரும்பு கொடுப்பதில்லை, முகத்தில் தண்ணீர்தான் தெளிப்பார்கள். இரும்பைக் கையில் திணிப்பது கை கால் இழுக்கும்போது. எங்கள் ஊரிலும் அப்படித்தான், பேரிகையிலும் அப்படித்தான்.

டாக்டரம்மா முன்னாலேயே பேரிகைக்காரருக்குப் போன் போட்டேன். அன்று எனக்கு இழுத்ததா என்று நேராகக் கேட்டேன்.

"இழுத்துச்சுண்ணா. வாயில நுரை வந்துச்சு. சாவி தேடுனேன், கிடைக்கல. வெளிய தெரிஞ்சா உங்கள பிரஸ்ல நிக்க விடமாட்டாங்கன்னுதான் சொல்லல."

இரும்பால் வலிப்பு நிற்காது, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று டாக்டரம்மா அவருக்கும் சேர்த்துச் சொன்னார். பிறகு மாத்திரை எழுதினார். பிரஸ்ஸுக்குச் சான்றிதழ் எழுதவில்லை. பேரிகைக்காரர் மேல் கோபம் வரவில்லை. ஸ்பேனர் என்று வாயை விட்ட என் மேல்தான் வந்தது.

இப்போது பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறேன். கையை இழந்துவிடாமல் இருக்கத்தான் இது என்று புரிகிறது, ஆனாலும் வருத்தம் போகவில்லை. அங்கிருந்து பார்த்தால் என் பழைய மெஷின் தெரியும். அதில் பேரிகைக்காரரைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.