திறக்காத ஜெலட்டின் டப்பா

எங்கள் அலுவலகக் கேன்டீனில் இனிப்புக்கு ஒரே ஆள், மாஸ்டர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஆரஞ்சு ஜெல்லி போடுகிறார். தட்டை லேசாகத் தட்டினால் ஜெல்லி மூன்று முறை ஆட வேண்டும். நான்காவது முறை ஆடினால் அந்தத் தட்டு வெளியே வராது. சமையலறையில் அவ்வளவு கறார். வீட்டிலோ, மனைவி பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது.

எங்கள் மேலாளர் மூன்று நாள் முகாமுக்குப் போனவர், வீகனாகத் திரும்பி வந்தார். பாலைக்கூட விட்டுவிட்டார், தோல் நாற்காலியை மட்டும் விடவில்லை. ஜெல்லியை உறைய வைக்கும் ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுப்பது என்று யாரோ ஓதிவிட, கேன்டீன் இனிப்பெல்லாம் இனித் தாவரத்தால்தான் கெட்டியாக வேண்டும் என்று சுற்றறிக்கை பறந்தது. ருசி பார்க்க ஐவர் குழு. சரிவராவிட்டால் மாஸ்டரை அனுப்பிவிட்டு, பாக்கெட் ஜெல்லி கம்பெனியைக் கொண்டுவருவதாகத் திட்டம். மாஸ்டர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

குழுவில் நானும் ஒருவன். வெந்நீர் வைக்கத் தெரியாத ஐந்து பேர் அரைமணி நேரம் சோளமாவு, மரவள்ளி மாவு, ஆளிவிதை என்று வெளுத்து வாங்கினோம். "சார், அது வந்து..." என்று மாஸ்டர் இரண்டு தடவை ஆரம்பித்தார். நாங்கள் விட்டால்தானே! கடைசியில், கடற்பாசியில் செய்தது என்று ஒரு தட்டை வைத்தார்.

"பழைய வழுவழுப்பு இல்லையே," என்றார் மேலாளர்.

"கடல் வாடை அடிக்குது," என்றார் ஸ்டோர் கீப்பர்.

"என்னமோ குறையுது," என்று நானும் வாய் கூசாமல் சொன்னேன்.

மாஸ்டர் முகம் செத்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் நாக்கு கேட்கிறதா? பழைய முறையில் ஒரு தட்டாவது போட்டு வைத்திருப்பார் என்று, சாயங்காலம் கிண்ணத்தோடு சமையலறைப் பக்கம் பூனை மாதிரிப் போனேன். எனக்கு முன்பே மேலாளர் அங்கே இருந்தார். கையில் ஸ்பூன்; கண்கள் சொருகியிருந்தன.

"இதுதாங்க ஜெல்லி! யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாஸ்டர். இன்னிக்கு ஒரு நாள்தான்."

"சொல்லல சார். காலையில நீங்க வேணாம்னு தள்ளின அதே தட்டுதான் இது."

ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

மாஸ்டர் அலமாரியிலிருந்து ஒரு ஜெலட்டின் டப்பாவை எடுத்துக் காட்டினார். சீல்கூட உடையவில்லை. "ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் பதினோரு வருஷம் ஆச்சு சார். இது ஃப்ரிட்ஜ் இல்லாம உறையாது. கடற்பாசியைக் கொதிக்க வச்சு ஊத்துங்க, வெளியவே உறைஞ்சிடும்னு வீட்டுல சொன்னாங்க. அன்னியிலிருந்து அதுதான். ஃப்ரிட்ஜுக்கு எழுதிக் குடுத்த லெட்டர் உங்க மேஜையிலதான் கிடக்கு."

ஒரே டப்பா பதினோரு வருடமாகத் தீராததைப் பற்றி ஸ்டோர் கீப்பர் உட்பட எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

மேலாளர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "பாக்கெட் கம்பெனியை நாளைக்கே வேணாம்னு சொல்லிடறேன். அப்போ... நான் தப்பு எதுவும் பண்ணலைல்ல?"

"தப்பு நடக்கல சார். பண்ணணும்னுதான் வந்தீங்க."

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டு என்னைக் கடந்து போனார். மாஸ்டர் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்; என் கையில் இருந்த கிண்ணத்தையும் பார்த்தார்.

"உங்களுக்கும் பழையதுதானே சார்?" என்றார்.